இடப்பக்க ஜன்னலில் ஒரு முகம்

“அந்த மூஞ்சிய மறந்துடுன்னு சொல்லத்தான் இந்தப் பனியில இவ்வளவு தூரம் வந்தீங்களா?”

ஒடெட் லாகாஸ் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். மீதிப் பாதியைத் தோளால் அடைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடச் சமையல்காரி. இன்று விடுப்பு போட்டிருந்தாள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவளுக்குக் கோர்ட்டில் வேலை இருந்தது.

“மறக்கச் சொல்லல” என்றாள் வெர்னா காங்காஸ். “அன்னைக்கு மசமசன்னு இருட்டுற நேரம். பனி வேற கொட்டிக்கிட்டு இருந்துது. ஒருவேளை…”

“ஒருவேளை கிடையாது.”

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்பதை மூக்காலேயே கண்டுபிடிக்கப் பழகியவள். இப்போது ஆல்டர் நகரில், தூண்டில் கடை மாடியில் சொந்தத் துப்பறியும் அலுவலகம். ஒடெட்டின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய்யின் சாயல்கூட இல்லை. அதுதான் சிக்கல்.

“எவ்வளவு தூரத்துல பார்த்தீங்க?”

“ஒரு அடி. அக்காவ இடிச்ச ஜீப்பு பனிக்குவியல்ல மோதி, ஒரு நொடி நின்னுது. என் மூக்குக்கு நேரா இடப்பக்க ஜன்னல். உள்ள அவன். ரெண்டு கையாலயும் கறி அடைச்ச பாஸ்டி ரொட்டியப் பிடிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தான். என் அக்கா ரோட்டுல கிடக்கா, அவன் வாய் மென்னுக்கிட்டு இருக்கு. அப்புறம் ஜீப்பு உறுமிக்கிட்டுப் போயிருச்சு.”

“ரெண்டு கையாலயுமா?”

“ரெண்டு கையாலயும்.”

“இத போலீஸ்ல சொன்னீங்களா?”

“யாருன்னு கேட்டாங்க, போட்டோவக் காட்டினாங்க, சொன்னேன். என்ன தின்னான்னு கேக்கல.”

“கோர்ட்ல?”

ஒடெட் சிரித்தாள். கசப்பான சிரிப்பு.

“எந்தக் கோர்ட்டு? வழக்கு எங்க நடந்துது? அவன் எழுந்து ‘எதிர்வாதம் இல்லை’ன்னு ரெண்டே வார்த்தை சொன்னான். நீதிபதி ஒரு காகிதத்தப் படிச்சாரு. அவ்வளவுதான். அக்கா இவோன் எப்பேர்ப்பட்டவ, அவளுக்கு என்ன ஆச்சுன்னு வரி வரியா மனசுல வெச்சிருந்தேன். யாரும் கேக்கல. இன்னைக்கு அரசு வக்கீல் கேக்கிறேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்குச் சொல்லுவேன்.”

கதவு சாத்தப்பட்டது.

வெர்னாவின் உதவியாளன் கில் போட்ரி, சாத்திய கதவுக்கு மரியாதையாகத் தொப்பியைத் தூக்கி வைத்தான். “நல்லபடியா வரவேத்தாங்க. காபி மட்டும்தான் குறைச்சல்.”

“வண்டில ஏறு.”

மணி பத்து ஐந்து.

லென்னார்ட் ஹால்மே சிறைக்குப் போய் ஆறு வருடம். ஒரு ஜனவரி சாயங்காலம் அவனும் அவன் சிநேகிதன் க்ளைட் ட்ரெவாரோவும் மதுக்கடையில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, க்ளைட் புதிதாக வாங்கிய ஜீப்பில் கிளம்பினார்கள். மாதா கோயில் விருந்து முடிந்து அக்காளும் தங்கையும் ரோட்டின் இடது ஓரமாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகும்; ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம். பின்னாலிருந்து வந்த ஜீப் தன் பாதையை விட்டு இடப்பக்கம் ஏறி, இவோனை அடித்துத் தள்ளிவிட்டு ஓடியது. ஒரு மைல் தள்ளி வளைவில் சறுக்கி, உறைந்துகிடந்த கர்லூ ஏரிமேல் உருண்டது. பனி உடைந்து ஜீப் முங்கிப்போனது. க்ளைட் தப்பி வந்தான். லென்னார்டையும் இழுத்துப் போட்டான். ஆனால் லென்னார்டின் மண்டை பிளந்திருந்தது. மூன்று வாரம் கழித்துக் கண் விழித்தபோது, அதற்கு முந்தைய ஒரு மாதம் அவன் மூளையிலிருந்து வழித்தெடுத்ததுபோல் காணாமல் போயிருந்தது.

ஓட்டியது லென்னார்ட் என்றான் க்ளைட். அந்த முகம்தான் என்றாள் ஒடெட். செய்தாயா என்று கேட்டபோது, தெரியாது என்றான் லென்னார்ட். ஒத்துக்கொள்ள ஞாபகம் இல்லை, மறுக்கவும் ஞாபகம் இல்லை. வழக்காடித் தோற்றால் பதினைந்து வருடம் என்று பயமுறுத்தினார், அரசு அவனுக்குக் கொடுத்த வக்கீல். ‘எதிர்வாதம் இல்லை’ என்று சொல்லிவிட்டால் எட்டோடு போகும் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது; ஆனால் தண்டனை மட்டும் ஒப்புக்கொண்டவனுக்குக் கிடைப்பதேதான். லென்னார்ட் சொன்னான். எல்லாரும் சொல்வதை அவனே நம்பிவிட்டிருந்தான்.

இப்போது அவனுக்காக வாதாடும் கோரா நாடோதான் வெர்னாவை அமர்த்தியவள். தீர்ப்பை உடைக்க ஒரு கைதிக்கு ஒரே ஒரு மனுதான்; இன்று ஒன்றரை மணிக்கு அதன் விசாரணை. அதில் யாரும் இதுவரை பார்க்காத ஆதாரம் இருக்க வேண்டும். கோராவிடம் இருந்ததெல்லாம், ஒடெட் இருட்டில் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்ற ஒரு ‘லாம்’ மட்டும்தான்.

“அந்த ‘லாம்’ இப்பச் செத்துப்போச்சு” என்றான் கில், காரின் ஹீட்டரில் கைகளைக் காட்டியபடி. “ரெண்டு கையால தின்னா ஓட்டினது யாருன்னு நீங்க கேப்பீங்க. முழங்காலால ஓட்டினான், அதனாலதான் இடிச்சான்னு அரசு வக்கீல் சொல்லுவாரு. கோல் நமக்கே விழும்.”

கில் முன்பு உள்ளூர் ரேடியோவில் ஹாக்கி வர்ணனை செய்தவன். வாய் நின்றால் மூச்சும் நின்றுவிடும் என்று பயப்படுகிற ரகம்.

“நீ முழங்காலால ஓட்டுவியா?”

“நான் எல்லாத்தையும் வாயாலதான் ஓட்டுவேன்.”

“அப்ப அந்தக் கோப்ப வாயால ஓட்டு. ஜீப்புல இருந்து எடுத்த சாமான் பட்டியல் ஒண்ணு கடைசியில இருக்கும். நேத்து பார்த்தேன், மனசுல ஏதோ இடறிச்சு.”

கில் தேடி எடுத்தான். “க்ளைட்டோட ஜீப். நீலம். ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் விஸ்கான்சின்ல ஒரு ஏலத்துல வாங்கியிருக்கான். உள்ள இருந்தது: ஸ்பேனர் ஒண்ணு. டப்பாவுல நாய் பிஸ்கட். முஷ்டி பெருசுக்கு ஒரு ரப்பர் பேண்டு உருண்டை. விரல்ல மாட்டிக்கிற ரப்பர் உறை மூணு. ஆஹா, கண்டுபிடிச்சிட்டேன். பேங்க்குல நோட்டு எண்ணுற ஒரு நாய்.”

“தேதியப் படி.”

“ஏப்ரல் இருபத்திரண்டு.”

“அவன் எதிர்வாதம் இல்லைன்னு சொன்னது?”

“பிப்ரவரி இருபத்தேழு…” கில்லின் குரல் மெதுவாக இறங்கியது. “வழக்கு முடியும்போது ஜீப்பு ஏரிக்கு அடியில இருந்துருக்கு.”

“பனி உருகினப்புறம்தான் தூக்கியிருக்காங்க. அதுக்குள்ள பையன் ஜெயிலுக்குப் போயாச்சு. முடிஞ்ச வழக்கோட வண்டிய எவன் பார்ப்பான்? சாமான் பையில கையெழுத்து வாங்கிட்டு விட்டுட்டாங்க. ஒரு ஆள் அடிபட்டுச் செத்திருக்கா, அந்த வண்டிய ஒரு அதிகாரிகூடக் கண்ணால பார்க்கல, கில்.”

“பார்த்திருந்தா மட்டும்?”

“க்ளைட் நாய் வளர்த்தானா?”

“அவன் தெருவுல வந்தா நாய்ங்க வேற ஊருக்குக் குடிபோயிரும்.”

“அப்ப பிஸ்கட் முந்தின சொந்தக்காரனோடது. விரலுறை, ரப்பர் பேண்டு, நாய் பிஸ்கட். தினமும் நூறு வீட்டு வாசலுக்குப் போறவன். நூறு வீட்டு நாயையும் தாஜா பண்ண வேண்டியவன். கட்டுக் கட்டா காகிதத்தப் புரட்டுறவன்.”

“தபால்காரன்!” கில் தொடையில் தட்டினான். உடனே முகம் சுருங்கியது. “சரி, தபால்காரன் ஜீப்பு. அதனால என்ன?”

வெர்னா காரை அவ்வளவு வேகமாகத் திருப்பினாள், கில்லின் தொப்பி பின்சீட்டுக்குப் போய் விழுந்தது.

“ஜீப்பத் தூக்கினது யாரு?”

“ஓர்வில் ப்ளோம். பழைய இரும்புக்காரர். ஆனா பிரயோஜனமில்ல, வெர்னா. ஜீப்பை நொறுக்கித் தகடாக்கியாச்சுன்னு க்ளைட் எழுதிக் கொடுத்த காகிதம் இங்கேயே இருக்கு.”

“க்ளைட் எழுதினது. ஓர்வில் எழுதினதில்ல.”

ஓர்வில் ப்ளோமின் முற்றத்தில் அவர் மனைவி பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மண்வாரியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

“நொறுக்கினாரா? எங்க வீட்டு மனுஷனா? துருப்பிடிச்ச ஆணியக்கூட எறிய மாட்டாரு. அந்த ஜீப்புக்கு மேல பலகை அடிச்சு மீன்பிடிக் குடிலாக்கிட்டாரு. அதுலதான் உக்காந்திருக்காரு இப்பவும், உறைஞ்ச கர்லூ ஏரி நடுவுல, பனியில ஓட்டை போட்டு மீன் பிடிச்சுக்கிட்டு. எல்லாரும் குடிலை எடுத்தாச்சு, நாளைக்குக் கடைசி நாள், பனி இளகுதுன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. போய் இழுத்துட்டு வாங்க, புண்ணியமாப் போகும்.”

மணி பதினொன்று பத்து.

மார்ச் மாதத்து வெயில் ஏரி முழுக்கப் பளபளத்தது. அந்தப் பளபளப்புதான் பயம். பனிக்கு மேல் ஒரு விரல்கடை தண்ணீர் நின்றது. பொங்கிய சாம்பல் நிறத் திட்டுகள் அங்கங்கே. கால் மைல் தள்ளி, தகரக் குழாயில் புகை விட்டபடி ஒரே ஒரு குடில்.

“ஒரு யோசனை” என்றான் கில். “கரையிலேருந்தே கூப்பிட்டா என்ன? எனக்குக் குரல் நல்லா இருக்கும்.”

“எனக்கு இருபது அடி பின்னாடி வா. நான் போனா நீ போகாம இருக்கணும்.”

“இதுதான் நீங்க எனக்குச் சொன்னதிலயே அன்பான வார்த்தை.”

நடந்தார்கள். முதல் நூறு அடிக்குக் கில் பேசினான். அடுத்த நூறு அடிக்கு முணுமுணுத்தான். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. காலடியில் எங்கோ ஆழத்தில், யாரோ பெரிய கம்பியைச் சுண்டியதுபோல் ஒரு சத்தம் ஓடிற்று. வெர்னா நின்றாள். சத்தம் அவளைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்த் தேய்ந்தது. மறுபடி நடந்தாள்.

குடிலுக்குப் பத்தடி முன்னால் கில்லின் இடது கால் முழங்கால்வரை உள்ளே போனது. அவன் கத்தவில்லை. முழங்கையை ஊன்றி, மல்லாக்கச் சாய்ந்து, காலை வெளியே உருவினான். பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“மூணாம் நம்பர் ஆட்டக்காரர் கீழே விழுந்தார், எழுந்துட்டார்” என்றான்.

பலகைச் சுவர்களுக்குக் கீழே நீலத் தகடு தெரிந்தது. ஜீப்பேதான். குளிரில் பல் தந்தியடிக்க, கில் இடப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்டீரிங்கைப் பிடித்து ஏறலாம் என்று கையை நீட்டினான்.

கை காற்றைப் பிடித்தது.

அங்கே ஸ்டீரிங் இல்லை. சீட்டும் இல்லை. தரையை அறுத்த ஓட்டை, அதற்குக் கீழே பனியில் துளைத்த ஓட்டை, அதற்குள் ஒரு தூண்டில் நூல். அதற்கு அப்பால், வலப்பக்கம், கம்பளிக் கையுறை இரண்டைக் காயப்போட்ட ஒரு ஸ்டீரிங். அதன் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார் ஓர்வில் ப்ளோம்.

“கதவச் சாத்துடா. மீன் ஓடிரும்.”

வெர்னா கில்லின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள்.

“ஓர்வில், ஸ்டீரிங்க இந்தப் பக்கம் நீங்க மாத்தினீங்களா?”

“எனக்கு வேற வேலை இல்லையா? இது கிராமத்துத் தபால் ஜீப்பும்மா. வலப்பக்கம்தான் இருக்கும். உக்காந்த இடத்துலேருந்தே கைய நீட்டி ரோட்டோரப் பெட்டியில கடுதாசி போடணுமில்ல? தூக்கின அன்னைக்கு நானே சிரிச்சேன்.”

கில்லுக்குக் கால் குளிர்வது மறந்துபோனது.

“அப்ப இடப்பக்கம் உக்காந்திருந்தவன்…”

“வெறும் பயணி” என்றாள் வெர்னா. “நம்ம ஊர்ல அத்தனை வண்டியிலயும் ஸ்டீரிங் இடப்பக்கம். இடப்பக்க ஜன்னல்ல ஒரு முகம்னு ஒடெட் சொன்னா. விசாரிச்ச போலீஸ் டெபுடி அத ஓட்டுநர் ஜன்னல்னு எழுதிக்கிட்டாரு. யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க. ரெண்டு கையாலயும் தின்னான், ஏன்னா அவனுக்கு ஓட்டுற வேலையே இல்ல.”

“ஜீப்பு ஏன் இடப்பக்கம் ஏறிச்சுன்னும் இப்பப் புரியுது” என்றான் கில் மெதுவாக.

“சொல்லு.”

“வாழ்நாள் பூரா இடப்பக்கம் உக்காந்து, நடுக்கோட்டைப் பக்கத்துல வெச்சு ஓட்டினவன் க்ளைட். புது வண்டியில வலப்பக்கம் உக்காந்துட்டான். குடிபோதை வேற. பழக்கத்துல தன் உடம்ப நடுக்கோட்டுப் பக்கத்துல வெச்சான். மிச்ச வண்டி மொத்தமும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு.”

ஓர்வில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஏதோ மெல்ல மெல்ல உடைந்தது.

“நொறுக்கிடு, பார்க்கவே மனசு கேக்கலன்னு க்ளைட் வந்து நின்னான். சரின்னேன். நல்ல தகடு, வீணாக்குவானேன்னு இப்படிப் பண்ணிட்டேன். இடப்பக்கத்துல யாரைப் பார்த்தாங்க, வலப்பக்கத்துல யாருன்னெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பேப்பர்ல அப்படி ஒண்ணும் போடலையே. எனக்குத் தெரிஞ்சது கோர்ட்டுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன். ஆறு வருஷமா இந்தச் சீட்டுல உக்காந்து மீன் பிடிக்கிறேன்மா.”

“ஒன்றரை மணிக்கு அத நீதிபதிகிட்டச் சொல்லுங்க. கில், கண்ணாடிக்குக் கீழ வண்டி நம்பர் தகடு இருக்கும், படி.”

கில் துருவைச் சுரண்டி எழுத்தெழுத்தாகப் படித்தான். வெர்னா கோப்போடு ஒப்பிட்டாள். கடைசி எழுத்துவரை ஒன்றேதான். எட்டுப் போட்டோ எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் நூல் வெடுக்கென்று இழுபட்டது.

“வால்ஐ மீனு!” ஓர்வில் பாய்ந்து நூலைப் பிடித்தார். “ஒரு நிமிஷம்!”

கீழே கம்பி சுண்டிய சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை அது தாண்டிப் போகவில்லை. குடில் ஒரு பக்கம் அரை அங்குலம் சாய்ந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் பொங்கி, கில்லின் காய்ந்த பூட்ஸையும் நனைத்தது.

“ஓர்வில்,” என்றாள் வெர்னா, “மீனா, அந்தப் பையனா?”

கிழவர் நூலை விட்டார்.

அவருக்கு இடுப்பில் கோளாறு, வேகமாக நடக்க முடியாது. மீன் ஏற்றி இழுக்கும் சறுக்குப் பலகையில் அவரை உட்காரவைத்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கில் இழுத்தான். திரும்பிப் பார்க்காதே என்று வெர்னா சொல்லியிருந்தாள். கரையேறியபிறகுதான் மூவரும் பார்த்தார்கள். குடில் இன்னும் நின்றது, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, புகை விட்டபடி.

மணி பன்னிரண்டு ஐம்பது. கோர்ட்டுக்கு இருபத்தெட்டு மைல்.

பாதி வழியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைத்தது.

“கோரா, கவனமாக் கேளு. ஒடெட்ட மடக்குற கேள்வி ஒண்ணுகூடக் கேக்காத.”

“என்ன உளர்றீங்க? நம்ம கேஸே அதுதானே!”

“இல்ல. அவ சொல்றது அத்தனையும் நெசம். ஒண்ணு விடாம சொல்லவிடு. க்ளைட்டையும் பேசவிடு. யார் எந்தப் பக்கம் உக்காந்திருந்தான்னு மட்டும் வாயால சொல்ல வை. மிச்சத்த நான் கொண்டு வரேன். என்னோட ஒரு பெரியவர் வராரு, கொஞ்சம் மீன் நாத்தம் அடிக்கும்.”

சின்னக் கோர்ட்டு அறை. லென்னார்ட் ஹால்மே சிறை உடையில், இடுப்புச் சங்கிலியில் கைகள் கோத்திருக்க, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தாறு வயதுக்கு முடி நரைத்துவிட்டிருந்தது. ஒடெட் இருந்த பக்கம் அவன் பார்வையே போகவில்லை.

“இந்த மனுவே நிக்காது” என்றார் அரசு வழக்கறிஞர். “யாரும் இவரைக் கட்டாயப்படுத்தல. வாதாட மாட்டேன்னு தானே எழுந்து சொன்னாரு. ஆறு வருஷம் கழிச்சு இப்ப வாதாடணும்னு தோணிடுச்சாம்.”

முதலில் க்ளைட் ட்ரெவாரோ கூண்டில் ஏறினான். பனி ஸ்கூட்டர் கடை வைத்து நன்றாக இருக்கிறவன். துக்கப்படுகிறவனின் முகத்தைப் பொருத்திக்கொண்டு வந்திருந்தான். லென்னார்ட்தான் ஓட்டினான், என் சிநேகிதனைப் பற்றி இப்படிச் சொல்வது எனக்கு வேதனை என்றான்.

கோரா எழுந்தாள். “ஒரே கேள்வி. லென்னார்ட் இடப்பக்கம், நீங்க வலப்பக்கம். இதுல சந்தேகம் உண்டா?”

ஒரு கணம் தயங்கினான். பிறகு ஒடெட்டைப் பார்த்தான். அவள் சொல்லப்போவதோடு பொருந்த வேண்டும். “இல்ல. அவன் இடப்பக்கம்தான்.”

அடுத்து ஒடெட். ஆறு வருடம் மனதில் வைத்திருந்ததை அவள் வரி வரியாகச் சொன்னாள். இவோன் அன்று சிவப்புத் தொப்பி போட்டிருந்ததை, விருந்தில் பாடியதை, ரோட்டில் கிடந்தவளின் கையைப் பிடித்தபோது கையுறைக்குள் இன்னும் சூடு இருந்ததை. லென்னார்டின் தோள்கள் குலுங்கின. யாரும் குறுக்கிடவில்லை.

கோரா மிக மெதுவாகக் கேட்டாள்.

“எந்த ஜன்னல்ல பார்த்தீங்க?”

“இடப்பக்கம். முன் சீட்டு.”

“தப்பாப் பார்த்திருக்க வாய்ப்பு?”

“செத்தாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்.”

“மாத்த வேண்டாம். நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மைன்னு எங்க தரப்பு ஏத்துக்குது.”

அரசு வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். அறையில் சலசலப்பு.

பின்கதவு திறந்தது. ஈர பூட்ஸ்கள் சளப் சளப்பென்று சத்தமிட, கில்லின் தோளைப் பிடித்தபடி ஓர்வில் ப்ளோம் நடந்து வந்தார். பின்னால் வெர்னா. க்ளைட் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் பொருத்தியிருந்த துக்கம் கழன்று விழுந்தது.

ஓர்வில் பேசி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அதன்பிறகு நீதிபதி போட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். கையுறை காய்கிற ஸ்டீரிங்கை மட்டும் திரும்பவும் எடுத்துப் பார்த்தார்.

“எதுவா இருந்தாலும் இவர் தன் உரிமையை விட்டுக் கொடுத்துட்டாரு, கனம் நீதிபதி அவர்களே” என்று ஆரம்பித்தார் அரசு வழக்கறிஞர்.

“அவர் வாதாடுற உரிமைய விட்டாரு” என்றார் நீதிபதி. “இந்த மாதிரி வழக்குல, குற்றத்துக்கு அடிப்படை இருக்கான்னு பார்க்க வேண்டியது நான். அன்னைக்கு டெபுடியோட அறிக்கைய நாலு நிமிஷம் படிச்சேன். இடப்பக்க ஓட்டுநர் ஜன்னல்னு இருந்துது. வண்டி எங்கேன்னு நான் கேக்கல. அவர் எத விட்டிருந்தாலும், அந்தக் கேள்விய விட்டது நான்.”

போட்டோவை ஒடெட்டிடம் கொடுக்கச் சொன்னார்.

ஒடெட் பார்த்தாள். ஒரு விரலால் இடப்பக்கத்தைத் தொட்டாள். பிறகு வலப்பக்கத்தை. விரல் அங்கேயே நின்றது. அவள் நிமிர்ந்து க்ளைட்டைப் பார்த்தபோது, குரல் சாதாரணமாக இருந்தது.

“ஆறு வருஷமா என் வீட்டு வாசப் பனிய நீதானே தள்ளிவிட்டுட்டுப் போறே? நல்ல பிள்ளைன்னு உனக்குக் காபி போட்டுக் கொடுத்தேனே.”

க்ளைட் எழுந்தான். வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். அங்கே டெபுடி நின்றிருந்தார்.

“அவசரமாப் போறீங்க போல” என்றான் கில், வழியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி. “வண்டி ஓட்டத் தெரியுமில்ல?”

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். தீர்ப்பு ரத்து, எதிர்வாதம் இல்லை என்ற பழைய வாக்குமூலமும் ரத்து என்றார். குற்றச்சாட்டை அரசு திரும்பப் பெறும்வரை அது காகிதத்தில் இருக்கும். ஆகவே சட்டப்படி மறுபடி கேட்க வேண்டும் என்றார்.

“லென்னார்ட் ஹால்மே, எழுந்திருங்க. இந்தக் குற்றச்சாட்டுக்கு இப்ப என்ன சொல்றீங்க?”

லென்னார்ட் எழுந்தான். சங்கிலி குலுங்கியது. அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த கோராவிடம், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டான். அறையின் அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

“அப்ப… அவங்கள நான் கொல்லலையா?”

கோரா அவன் தோளில் கை வைத்தாள்.

“இல்ல” என்றாள் ஒடெட், தன் இடத்திலிருந்து.

அவன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். உதடுகள் அசைந்தன.

“எனக்குக் கேக்கல” என்றாள் சுருக்கெழுத்துக்காரப் பெண், இயந்திரத்தின் மேல் விரல்களை வைத்தபடி. “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

“நான் குற்றம் செய்யல” என்றான் லென்னார்ட், சத்தமாக.